அன்னம்மாளின் வலது கை

மர்பி டவுன்,
பெங்களூர் – 8.
18-6-1997

சேசு மரி சூசை துணை

அன்புள்ள ஆஞ்சலாவுக்கு உன் அத்தை சலேத்தம்மா எழுதறது. மாதா புண்ணியத்துல நான் இங்க சொகம். அங்க நீ, அப்பா, அம்மா எல்லாரும் சொகமான்னு எழுது. எனக்கு முட்டி வலி மட்டும் இருக்குது. அது ஜெபமாலை மாதிரி, எங்க போனாலும் கூடவே வருது.

உன் அப்பன் ரெமிஜியஸ் லெட்டர் போட்டிருந்தான். ஓவியக் காலேஜ் பரீட்சையில உனக்கு ஆகலையாம். "இன்னும் ஒரே வருஷம் பாப்பேன். அப்பவும் ஆகலைன்னா ஹெப்பகோடி பாக்டரில பாக்கிங் வேலை. மைன்ஸை இன்னைக்கு மூடறானா நாளைக்கு மூடறானான்னு இருக்குது, வீட்டுல உக்காந்து படம் போடறதுக்கு யாருக்கு நேரம்?"னு எழுதியிருக்கான். என் தம்பியை எனக்குத் தெரியும். ஒரு வருஷம்னா பதிமூணாவது மாசம் கிடையாது.

பரீட்சைக்கு வந்தப்போ என் வீட்டுலதான தங்கினே. நெத்தியில சிலுவை போட்டு அனுப்பினேன். திரும்பி வந்தவ ஒரு வாய் சோறு தின்னாம, ஒரு வார்த்தை சொல்லாம ரயிலேறிப் போயிட்டே. மூஞ்சியைப் பார்த்து நானும் ஒண்ணும் கேக்கலை. இப்போ கேக்கறேன். என்னதான் வரையச் சொன்னாங்க? என்ன தப்பு பண்ணினே? நான் அஞ்சாங்கிளாஸ்தான், ஆனா எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்குவேன்.

அந்தோணியாருக்கு ஒன்பது செவ்வாய்க்கிழமை நேர்ந்திருக்கேன். அவரு காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுக் குடுப்பாரு. சீட்டும் அதுல சேர்த்திதான்.

உன் அத்தை,
சலேத்தம்மா


சாம்பியன் ரீப்ஸ்,
கே.ஜி.எஃப்.
27-6-1997

அன்புள்ள அத்தைக்கு ஆஞ்சலா எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம். முட்டிக்கு நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுக்கும்படி அம்மா சொன்னாள்.

அன்று பேசாமல் வந்ததற்கு மன்னியுங்கள். பேசியிருந்தால் அழுதிருப்பேன்.

மேசை மேல் ஒரு வெள்ளைத் தலையை வைத்திருந்தார்கள். பிளாஸ்டரில் வார்த்தது. ஆள் தலையைவிடப் பெரியது. அதைப் பார்த்து நாலு மணி நேரத்தில் கரித்துண்டால் வரைய வேண்டும். மற்ற பிள்ளைகள் இதுபோல நிறையப் பார்த்துப் பழகியவர்கள். நான் அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டேன். கண் வெறுமையாக இருந்ததால் கருவிழி வைத்தேன். மேற்பார்வைக்கு வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, "அங்கே இல்லாததை ஏன் போட்டாய்?" என்று கன்னடத்தில் கேட்டார். பக்கத்தில் இருந்தவன் சிரித்தான்.

அவர்களுக்கு வேண்டியது கோடு இல்லை, அத்தை. எங்கே வெளிச்சம் விழுகிறது, எங்கே மங்குகிறது, எங்கே இருட்டுகிறது என்பதுதான். நிறம் இருந்தால் அது கண்ணை ஏமாற்றும். அதனால்தான் வெள்ளைப் பிளாஸ்டரை வைத்துப் பழக வேண்டும் என்கிறார்கள். ஒரு பொருளை ஒரே ஜன்னல் அருகில் வைத்து, அசைக்காமல், வாரக் கணக்கில் வரைய வேண்டுமாம். இங்கே அப்படி எதுவும் கிடைக்காது.

உங்கள் தெருவில் பிளாஸ்டரில் சாமி சுரூபம் செய்கிறவர் ஒருவர் இருக்கிறாரே. உடைந்த துண்டு ஏதாவது அவரிடம் கிடைக்குமா? ஒரு கால், ஒரு கை, எதுவானாலும் சரி.

அன்புடன்,
ஆஞ்சலா


மர்பி டவுன்
21-7-1997

சேசு மரி சூசை துணை

அன்புள்ள ஆஞ்சலாவுக்கு அத்தை எழுதறது. நான் சொகம், உங்க சொகத்துக்கு எழுது. நொச்சி இலைக்கு அல்சூர் ஏரிக்கரை வரைக்கும் நடந்து போனதுல முட்டி வலி ஜாஸ்தியாச்சு.

சுரூபம் செய்ற முனிகிருஷ்ணன் ஷெட்டுக்குப் போனேன். அவன் சிவ பக்தன், நெத்தி நிறைய விபூதி. ஆனா இந்தப் பக்கத்து வீடுங்கள்ல இருக்கிற பாதி அந்தோணியாரு அவன் அச்சுல பொறந்தவருதான். "அந்தோணியாரு காலு ஒண்ணு வேணும்"னேன். "முழு ஆளையே தர்றேன், எடுத்துட்டுப் போங்கக்கா. காலை மட்டும் குடுத்துட்டா மீதியை வெச்சு நான் என்ன பண்றது?"ன்னு சிரிச்சான். அப்புறம் விஷயத்தைச் சொன்னேன். மூலையில துழாவி, கணுக்கால்ல உடைஞ்ச காலு ஒண்ணு எடுத்துக் குடுத்தான். காசு வாங்கமாட்டேனுட்டான்.

வீட்டுக்குக் கொண்டாந்து பார்த்தா வெள்ளை வெளேர்னு பொணத்துக் காலு மாதிரி இருக்குது. அதை அப்படியே என் தம்பி வீட்டுக்கு அனுப்ப மனசு வரலை. மறுபடி அவன்கிட்டயே குடுத்து, தோலு கலரு, நகத்துக்கு ரோஸு, செருப்பு வாருக்குக் காப்பிக் கலரு, ஓரத்துல தங்க ரேக்கு எல்லாம் அடிச்சு வாங்கிட்டேன். இப்போ பாரு, நடந்துடும் போல இருக்குது.

உங்க ஊருல இருந்து தினம் ரயில்ல வேலைக்கு வர்றானே டெரிக், அவன்கிட்ட குடுத்தனுப்பறேன். சாப்பாட்டுப் பையில வெச்சுக்கிறேன்னான்.

அத்தை,
சலேத்தம்மா


சாம்பியன் ரீப்ஸ்
10-8-1997

அன்புள்ள அத்தைக்கு, நலம். உங்கள் முட்டி எப்படி இருக்கிறது?

கால் பத்திரமாக வந்து சேர்ந்தது. ரயிலில் டெரிக் அண்ணனின் பையை யாரோ நகர்த்தப்போய், துணி விலகி ஐந்து விரல்கள் வெளியே தெரிந்திருக்கின்றன. ஒரு அம்மா போட்ட கூச்சலில் பங்காருப்பேட்டை வரைக்கும் அந்தப் பெட்டியில் யாரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லையாம்.

அத்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள். வர்ணத்தின் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். இரண்டு பூச்சு பூசியும் நகத்தின் ரோஸ் லேசாகத் தெரிகிறது. பரவாயில்லை. இனி அனுப்பினால் வெள்ளையாகவே அனுப்புங்கள்.

காலை ஜன்னலோரம் ஸ்டூலில் வைத்து, சுற்றிலும் சாக்கட்டியால் கோடு போட்டிருக்கிறேன், அசைந்தால் தெரிவதற்காக. கரி நானே செய்கிறேன். புளியங்குச்சிகளைப் பால் பவுடர் டின்னில் அடைத்து, மூடியில் ஒரு துளை போட்டு அடுப்பில் வைத்தால், புகை நின்றதும் கரியாகிவிடும். அழிப்பதற்கு ரொட்டியின் நடுப்பகுதி. அம்மா திட்டுகிறாள், தின்கிற பண்டத்தை இப்படிச் செய்கிறேன் என்று.

மூன்று வாரமாக அந்த ஒரே கால்தான். முதல் வாரம் கருணைக்கிழங்கு மாதிரி இருந்தது. இப்போது கால் என்று சொல்லலாம்.

அப்பா தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்து பார்க்கிறார். நேற்று சொன்னார்: "சாமி காலை வரையறதுக்கு அதைப் பிடிச்சு வேண்டிக்கிட்டாலாவது பலன் இருக்கும். இன்னொண்ணும் சொல்றேன், கேட்டுக்க. அக்கா தனி ஆளு. உன் படத்தால அவங்களுக்கு ஒரு தொந்தரவுன்னு என் காதுல விழுந்துச்சு, அன்னைக்கே உன் கரி மொத்தமும் அடுப்புக்குத்தான்." அதனால் உங்களுக்குச் சிரமம் வேண்டாம். முடிந்தால் மட்டும் பாருங்கள்.

அன்புடன்,
ஆஞ்சலா


மர்பி டவுன்
15-9-1997

சேசு மரி சூசை துணை

அன்புள்ள ஆஞ்சலாவுக்கு, அத்தை சொகம். உங்க வீட்டுல எல்லாரும் சொகமா இருக்க மாதாவை வேண்டிக்கிறேன்.

தங்க ரேக்கு மேலயே சுண்ணாம்பு அடிச்சியா? சரி, போ. அந்தோணியாரு பொறுமைசாலி.

ஏன் லேட்டுன்னா, இந்த வருஷம் பிள்ளையார் சதுர்த்தியும் மாதா திருவிழாவும் ரெண்டு நாள் வித்தியாசத்துல வந்துடுச்சு. முனிகிருஷ்ணன் ஷெட்டுல ஒரு பக்கம் தும்பிக்கை காயுது, இன்னொரு பக்கம் மாதா முக்காடு காயுது. எனக்கும் கோயில்ல பீடத் துணி துவைக்கிறது, கஞ்சி போடறது, இஸ்திரி போடறதுன்னு இடுப்பு ஒடிஞ்சுபோச்சு.

இப்போ ஒரு விஷயம். வீட்டுல சுரூபம் உடைஞ்சா நம்மாளுங்க குப்பையில போடமாட்டாங்க இல்ல? மந்திரிச்சது ஆச்சே. ராவோட ராவா கொண்டாந்து கோயில்ல மாதா நிக்கிற கெபிக்குப் பின்னால வெச்சுட்டுப் போயிடுவாங்க. அதையெல்லாம் பொறுக்கிக் குழி தோண்டிப் புதைக்கிறது இத்தனை வருஷமா நான்தான். உனக்கு எடுத்துக் குடுக்கலாமான்னு ஒரே யோசனை. பாவமாயிட்டா? சாமியாருகிட்ட சுத்தி வளைச்சுக் கேட்டேன். "உடைஞ்சா மந்திரிப்பு போயிடும்மா. அதுக்கு மேல அது வெறும் பிளாஸ்டர் மாவு. ஏன் கேக்கறே?"ன்னாரு. "சும்னே கேட்டேன் சாமி"ன்னுட்டு வந்துட்டேன்.

அதனால இந்தத் தடவை மூட்டையா அனுப்பறேன். மூக்கு போன சூசையப்பர் தலை ஒண்ணு, மாதா கை மூணு, குழந்தை சேசு காலு ஒண்ணு. பெயின்ட்டை முனிகிருஷ்ணனே உப்புத்தாளால தேய்ச்சுக் குடுத்தான். ரயில்ல யாரும் அலறாம இருக்க மேல வாழைப்பூ வெச்சிருக்கேன்.

அத்தை,
சலேத்தம்மா


சாம்பியன் ரீப்ஸ்
12-10-1997

அன்புள்ள அத்தைக்கு, நலம். வாழைப்பூவை அம்மா வடை செய்துவிட்டாள்.

சூசையப்பர் தலையை இரண்டு முறை வரைந்து முடித்தேன். மூக்கு இல்லாததும் நல்லதாகப் போயிற்று. உடைந்த இடத்தின் சொரசொரப்பை வரைவது தனிப் பயிற்சி. இருட்டின் ஓரத்தில்கூட லேசாக ஒரு வெளிச்சம் இருக்கிறது, அத்தை. பக்கத்துச் சுவரில் பட்டுத் திரும்பி வருவது. கிட்டத்தட்ட மூன்று மாதம் வரைந்த பிறகு இப்போதுதான் அது என் கண்ணில் படுகிறது.

கைகளில்தான் சிக்கல். மூன்றும் ஒரே கை. நடுவிரலில் உள்ள சின்னப் பள்ளம்கூட மூன்றிலும் அதே இடத்தில் இருக்கிறது. எலும்பு இல்லை, சுருக்கம் இல்லை, நரம்பு இல்லை. ரப்பர் கையுறையில் காற்று ஊதியது மாதிரி. போன வருடம் ஓவியக் கல்லூரியில் சேர்ந்த ஒரு பெண்ணைக் கேட்டேன். தலையை வரைய எல்லோரும் பழகிவிடுவார்களாம். நேர்முகத் தேர்வில் கைப்படங்களைத்தான் தனியாக எடுத்துப் பார்ப்பார்களாம். நிஜக் கையை அச்செடுத்து வார்த்ததை வைத்துப் பழகு என்றாள்.

பழைய காலத்துச் சுரூபம் ஏதாவது இருக்குமா? வயதானவர் கையாக இருந்தால் இன்னும் நல்லது. இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஆஞ்சலா


மர்பி டவுன்
28-11-1997

சேசு மரி சூசை துணை

அன்புள்ள ஆஞ்சலாவுக்கு, சலேத்தம்மா சொல்ல, பக்கத்து வீட்டுக் காந்தா டீச்சர் எழுதுவது. உன் அத்தை நலமாக இருக்கிறார். கண்ணில் பூச்சி பறப்பது போல் இருப்பதால் எழுத முடியவில்லை. கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும். கவலைப்பட வேண்டாம்.

நீ கேட்ட கை கிடைத்துவிட்டது. புனித அன்னம்மாளின் வலது கை. மிகப் பழைய சுரூபமாம். மாதாவைப் பெற்ற தாய் அல்லவா, அதனால் வயதான கையாக இருக்கிறது. முனிகிருஷ்ணன் அதை டெரிக்கிடம் கொடுத்திருக்கிறார். உள்ளங்கைப் பக்கம் தட்டையாக இருக்கும், மேல்பக்கம் மட்டும்தான். உடைக்காமல் வைத்துக்கொள்.

நன்றாகப் படிக்கவும், வரையவும். அப்பாவுக்கு அன்பு சொல்லவும்.

இப்படிக்கு,
சலேத்தம்மாவுக்காக,
காந்தா


சாம்பியன் ரீப்ஸ்
4-1-1998

அன்புள்ள அத்தைக்கு, புதுவருட வாழ்த்துகள். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வருவீர்கள் என்று அம்மா உங்களுக்காகக் கல்கல் பலகாரம் தனியாக எடுத்து வைத்திருந்தாள். சளி என்று சொல்லி அனுப்பினீர்கள். முன்பு கண், பிறகு சளி.

கையை ஐந்து வாரமாக வரைகிறேன். முதல் நாளே தெரிந்தது, இது யாரும் செதுக்கிய கை இல்லை என்று. தோலின் ரேகைகள் இருக்கின்றன. மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டு வந்த ஒரு முடி இருக்கிறது. ஆனால் யாருடையது என்று அப்போது யோசிக்கவில்லை. வரைகிற பொருளை அது இன்னது என்று யோசிக்காமல் வெளிச்சமும் இருட்டுமாகத்தான் பார்க்க வேண்டும். அப்படித்தான் பார்த்தேன்.

போன வாரம் கட்டைவிரலுக்கு வந்தேன். நகத்தின் நடுவில் நீளமாக ஒரு பிளவு. அதன் நிழலை வரைந்துகொண்டிருந்தபோது என் காதுக்குப் பின்னால் கூசியது. லீவுக்கு உங்கள் வீட்டுக்கு வந்தால் நீங்கள் எனக்கு ஜடை போடுவீர்கள். ஒவ்வொரு பின்னலுக்கும் அந்த நகம் அங்கே உரசும்.

டெரிக் அண்ணனைப் பிடித்துக் கேட்டேன். சத்தியம் செய்திருப்பதாகச் சொன்னார். பிறகு, அவர் ஷெட்டுக்குப் போனபோது அங்கே இருந்த உங்கள் கையில் முழங்கை வரை கட்டு இருந்தது என்று சொன்னார்.

அப்பாவிடம் சொல்லவில்லை. நீங்கள் ஏன் மறைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அன்னம்மாளின் கை இப்போது எப்படி இருக்கிறது, அத்தை? ஆறிவிட்டதா? உங்கள் கையாலேயே பதில் எழுதுங்கள். ஒரு வரி போதும்.

ஆஞ்சலா


மர்பி டவுன்
20-1-1998

சேசு மரி சூசை துணை

ஆஞ்சலாவுக்கு, அத்தை எழுதறது. கோழி கிளறின மாதிரி இருக்கும், பார்த்துப் படி. டெரிக் வாயில துணியைத்தான் வெச்சு அடைக்கணும். அந்தோணியாரு காலையே ஒழுங்கா மறைச்சுக் கொண்டு போகத் தெரியாதவன்.

கேட்டுட்டே, சொல்றேன். பழைய கை எங்கேயும் கெடைக்கலை. முனிகிருஷ்ணன்கிட்ட என் கையையே நீட்டி, "இதை அச்செடு"ன்னேன். ஒரு வாரம் முடியாதுன்னான், அப்புறம் ஒத்துக்கிட்டான். களிமண்ணுல கையை வெச்சு, எண்ணெய் தடவி, மேல மாவைக் கரைச்சு ஊத்தினான். "அசைக்காதீங்கக்கா. இறுகும்போது சூடு ஏறும். பொறுக்க முடியலைன்னா ஒரு குரல் குடுங்க"ன்னு சொல்லிட்டு, சரக்கு ஏத்த வந்த லாரியைப் பார்க்கப் போனான்.

சூடு ஏறிச்சு. ஆனா அன்னைக்கு வெள்ளிக்கிழமை. நவம்பர் வேற, ஆத்துமாக்கள் மாசம். செத்தப்புறம் பாவம் கழிய உத்தரிக்கிற ஸ்தலத்துல நிக்கிறவங்க படற சூட்டுக்கு இது என்ன சூடுன்னு நினைச்சுக்கிட்டேன். உங்க மாமா குடிச்ச குடிக்கு அங்க எத்தனை வருஷம் நிக்கிறாரோ. அவருக்காக ஒப்புக்குடுத்துட்டு, இடது கையில ஜெபமாலையைப் பிடிச்சு துக்க தேவரகசியம் அஞ்சும் சொன்னேன். மூணாவது பத்துலயே தாங்கலை. பாதியில விடக்கூடாதுன்னு பிரார்த்தனை மாலையையும் சேர்த்துச் சொல்லி முடிச்சேன். அவன் வந்து எடுத்தப்போ தோலு கொப்பளிச்சிருந்துச்சு. "கூப்பிடச் சொன்னேனே! கூப்பிடச் சொன்னேனே!"ன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதுட்டான் பாவம். அவன் மேல ஒரு தப்பும் இல்லை. அவன் சொன்ன எச்சரிக்கையை நான்தான் வேண்டுதலா எடுத்துக்கிட்டேன்.

இப்போ ஆறிடுச்சு. மோதிர விரலும் சுண்டு விரலும் முழுசா மடங்கலை. டாக்டரம்மா எண்ணெய் போட்டு நீவச் சொல்லியிருக்காங்க. ரெண்டு மாசம் பீடத் துணிக்குக் காந்தாதான் இஸ்திரி போட்டா. மாரியம்மன் கோயிலுக்குத் தவறாம போறவ, கைய அலம்பிட்டு வந்து என்னைவிட மடிப்பா போட்டா. சாமியாருக்குத் தெரியாது.

உன் அப்பன்கிட்ட சொல்லிடாத. சொன்னா கரியை அடுப்புல போடுவான். அப்புறம் என் தோலு போனதுக்கு அர்த்தமே இல்லை. நீ பாக்கிங் வேலைக்குப் போறதுக்கா நான் பிரார்த்தனை வரைக்கும் பல்லைக் கடிச்சேன்?

அழாம வரை.

அத்தை,
சலேத்தம்மா


சாம்பியன் ரீப்ஸ்
7-6-1998

அன்புள்ள அத்தைக்கு, சீட் கிடைத்துவிட்டது. முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

தந்தி கொடுக்கலாம் என்றார் அப்பா. வேண்டாம் என்றேன். உங்களுக்கு எழுதாமல் என்னால் சொல்ல முடியாது.

பரீட்சைக்கு அதே வெள்ளைத் தலைதான். கருவிழி வைக்கவில்லை. நேர்முகத்தில் என் தாள்களை எல்லாம் மேசையில் பரப்பினார்கள். அந்தோணியார் கால், சூசையப்பர் தலை, மாதாவின் ரப்பர் கைகள். கடைசியில் உங்கள் கை, பதினோரு படங்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அருகில் பார்த்து, "ஈ கை யாரது?" என்று கன்னடத்தில் கேட்டார். "நம்ம அத்தேது" என்றேன். அந்தத் தாளை மட்டும் பக்கத்தில் இருந்தவரிடம் நகர்த்தினார்.

முடிவு வந்த அன்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனி மறைக்க வேண்டியதில்லை என்று தோன்றியது. கத்துவார் என்று நினைத்தேன். ஜன்னலோரம் இருந்த கையை எடுத்து, கரித்தூளைத் துண்டால் துடைத்தார். தன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "சுண்டு விரல் ரெண்டு பேருக்கும் ஒரே கோணல்" என்றார். அதைத் திரும்ப வைக்கும்போது சாக்கட்டிக் கோட்டுக்குள் சரியாக வைத்தார். பிறகு ஷிஃப்டுக்குப் போய்விட்டார்.

ஆகஸ்ட் முதல் வாரம் வகுப்பு தொடங்குகிறது. உங்கள் வீட்டில் தங்கலாமா?

அன்புடன்,
ஆஞ்சலா


மர்பி டவுன்
27-7-1998

சேசு மரி சூசை துணை

அன்புள்ள ஆஞ்சலாவுக்கு, அத்தை சொகம். முட்டியும் சொகமா கூடவே இருக்குது. போன மாசம் "வா"ன்னு ஒரே வார்த்தையில கார்டு போட்டேன், கெடைச்சுதா? விரல் அன்னைக்கு அவ்வளவுதான் எழுதினுச்சு. இன்னைக்குக் கொஞ்சம் மடங்குது.

உன் அப்பன் போன வாரம் வந்தான். கையைக் காட்டுன்னான், காட்டினேன். ஜன்னல் கொண்டி ஆடுதுன்னு அதை ரிப்பேர் பண்ணிட்டு, "இந்த ஜன்னல்ல வெளிச்சம் நல்லா வருதா?"ன்னு கேட்டுட்டுப் போனான். ஸ்டூலு ஒண்ணும் வாங்கி வெச்சிருக்கான்.

இப்போ கேளு. நேத்து அன்னம்மா திருநாளு. நம்ம கோயிலுக்குப் புதுசா அன்னம்மா சுரூபம் செய்யச் சொல்லி முனிகிருஷ்ணன்கிட்ட குடுத்திருந்தாங்க. பூசைக்கு முன்னால மந்திரிச்சு வெச்சாங்க. நான் துணி விரிக்கப் போனவ, அண்ணாந்து பார்த்தேன். முக்காடு, பச்சைச் சேலை, பக்கத்துல சின்ன மாதா. மாதா தலை மேல அன்னம்மா வலது கை. கட்டைவிரல் நகத்துல பிளவு. என் கையேதான்!

பூசை முடிஞ்சதும் ஷெட்டுக்கு ஓடினேன். "என்னடா பண்ணி வெச்சிருக்கே?"ன்னா, "அச்சு அப்படியே இருந்துச்சுக்கா. உள்ளங்கையை மட்டும் நான் செஞ்சு ஒட்டினேன். நீங்கதானே அன்னம்மா கைன்னு டீச்சரம்மாவை வெச்சு லெட்டர் போட்டீங்க? அது பொய்யா இருக்க வேணாமேன்னுதான்"னான். விபூதிப் பூச்சோட நின்னு சொல்றான்! சாமியாருகிட்டப் போய் பாவசங்கீர்த்தனத்துல எல்லாத்தையும் கொட்டினேன். வலைக்கு அந்தப் பக்கம் சிரிக்கிறாருன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. "யாருகிட்டயும் சொல்லாதே, அப்படியே விடு"ன்னாரு. நான் உனக்கு மட்டும் சொல்றேன்.

சாயங்காலம் வரைக்கும் பொம்பளைங்க வரிசை கட்டி நின்னு அந்தக் கையைத் தொட்டு, முத்தம் வெச்சு முத்தி செய்றாங்க. பிள்ளை இல்லாதவங்க, பேறுகாலத்துக்கு நிக்கிறவங்க. நான் தூணுக்குப் பின்னால கையை முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டு நின்னேன். பிள்ளை பெறாத கை அது. என்ன செய்யறது, அன்னம்மா பார்த்துக்குவா.

நாலாந்தேதி காலை ரயில்ல வா. தலையணை கொண்டு வராத, இருக்குது. கரி டின்னைக் கொண்டு வா. அந்த மாவுக் கையை உன் அம்மாகிட்டயே விட்டுட்டு வா, உன் அப்பன் ஷிஃப்டு முடிஞ்சு வந்து பாப்பான்.

வந்ததும் கோயிலுக்குக் கூட்டிப் போறேன். எல்லாரும் பாக்கறாங்கன்னு நீயும் போய் அதை முத்தி செஞ்சு வைக்காத. அசல் கை உனக்கு வீட்டுலயே இருக்குது. எண்ணெய் நீவி விடறதுக்கும் ஆளு வேணும்.

உன் வரவைப் பார்த்திருக்கிற அத்தை,
சலேத்தம்மா